அளந்து கொடுக்கப்படும் காற்று: ஃபார்முலா 1 பந்தயத்தில் வரம்பும் நீதியும்

அறிவைத் தேடுவதற்கு எல்லை வகுப்பது முறையாகுமா என்ற வினா நெடுங்காலமாகச் சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான வழக்காகவே பேசப்பட்டு வந்துள்ளது. அந்த வினாவுக்கு எண்களில் எழுதப்பட்ட விடை நடைமுறையில் இருக்கும் இடங்களுள் ஒன்று ஃபார்முலா 1 கார் பந்தயம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். கால்பந்து, கபடி முதலிய ஆட்டங்களின் விதிகள் ஆடுகளத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கின்றன. ஆட வருவதற்கு முன் ஓர் அணி எவ்வளவு பயிற்சி செய்தது, எவ்வளவு ஆராய்ந்தது என்பதில் அவை தலையிடுவதில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தை நெறிப்படுத்தும் பன்னாட்டு ஆட்டோமொபைல் கூட்டமைப்போ, கார் எப்படி இருக்க வேண்டும் என்று விதிப்பதோடு நில்லாமல், அந்தக் காரை மேம்படுத்த ஓர் அணி எவ்வளவு செலவிடலாம், எத்தனை நாள் அதை ஓட்டிப் பார்க்கலாம், எத்தனை முறை அதன் மாதிரியின்மேல் காற்றைச் செலுத்திப் பார்க்கலாம் என்பதையும் அளந்து கொடுக்கிறது. கற்றுக்கொள்வதற்கே வரம்பு கட்டும் இந்த ஏற்பாடு நீதியானதா, அது திறமையை வளர்க்கிறதா குறைக்கிறதா, அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பன நிர்வாகம் சார்ந்த வினாக்களாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறவியல் வினாக்களே.

இந்த வரம்புகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2000களின் முற்பகுதியில் வசதி படைத்த அணிகள் பந்தயமில்லாத நாள்களிலும் ஓயாமல் சோதனை ஓட்டம் நடத்தின; ஃபெராரி அணிக்கு அதன் தொழிற்சாலையை ஒட்டிய ஃபியோரானோ தடமும் டஸ்கனியிலுள்ள முஜெல்லோ தடமும் சொந்தமாகவே இருந்தன, டயர் தயாரித்த பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் அந்த அணியோடு நெருங்கி உழைத்தது, 1999 முதல் 2004 வரை அணிகளுக்கான உலகப் பட்டம் தொடர்ந்து ஆறு முறை அங்கேயே சென்றது. அந்த வெற்றிகளில் மைக்கேல் ஷூமாக்கரின் திறமையும் பொறியாளர்களின் நுண்மதியும் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பணம் கொடுத்துப் பெருக்கிக்கொள்ள முடிந்ததும் அவற்றில் ஒரு பங்கு வகித்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் 2008 டிசம்பரில் ஹோண்டாவும் 2009இல் பிஎம்டபிள்யூ, டொயோட்டா ஆகியவையும் விலகிய அந்தக் காலத்தில்தான், போட்டிப் பருவம் நடந்துகொண்டிருக்கும்போது சோதனை ஓட்டம் நடத்துவது தடை செய்யப்பட்டது. தடத்தில் அடைபட்ட பணம் காற்றுச் சுரங்கங்களுக்கும் கணினிகளுக்கும் பாய்ந்தது. அங்கும் வரம்பு கட்ட வேண்டிய நிலை தானாகவே உருவாயிற்று.

காற்றுச் சுரங்கம் என்பது நிலைநிறுத்தப்பட்ட ஒரு கார் மாதிரியின்மேல் பெரும் விசிறியால் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்று காரை எவ்வளவு பின்னிழுக்கிறது, எவ்வளவு தரையோடு அழுத்துகிறது என்பதை அளக்கும் கூடமாகும். மாதிரி உண்மையான காரின் அளவில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரை மிஞ்சக் கூடாது என்பவை விதிகள். ஏறத்தாழ எட்டு வாரம் கொண்ட ஒரு சோதனைக் காலத்தில், முழு ஒதுக்கீடு பெறும் அணிக்கு 320 ஓட்டங்களும், காற்று வீசும் நேரமாக 80 மணியும், கூடத்தில் இருக்கும் நேரமாக 400 மணியும் கிடைக்கின்றன. காற்று வீசத் தொடங்குவது முதல் நிற்பது வரை ஓர் ஓட்டமாகக் கணக்கிடப்படுவதால், அந்தச் சில நிமிடங்களுக்குள் மாதிரியின் உயரத்தையும் சாய்வையும் முன்சக்கரங்களின் திருப்பத்தையும் எந்த வரிசையில் மாற்றினால் மிகுதியாகக் கற்கலாம் என்று முன்கூட்டியே திட்டமிடுவது தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. காற்றின் ஓட்டத்தைச் சமன்பாடுகளால் கணினியில் கணித்துப் பார்க்கும் முறைக்கும் இதே போன்ற ஒதுக்கீடு உண்டு. ஒரு காலத்துக்கு 2000 புதிய வடிவங்களை மட்டுமே இவ்வாறு சோதிக்கலாம்.

இவ்வாறு கட்டப்படும் வரம்பு திறமைக்கு எதிரி என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. பொறியாளர் ஒருவரின் மனத்தில் தோன்றிய நல்ல கருத்து, சோதிக்க ஓட்டம் மிச்சமில்லை என்பதற்காகவே கைவிடப்படுமானால், உலகம் ஒரு நல்ல காரை இழக்கிறது என்று வாதிடலாம். இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட தம் தூய அறிவு பற்றிய ஆய்வுநூலின் முன்னுரையில், காற்றைக் கிழித்துப் பறக்கும் புறா ஒன்று, தன்னைத் தடுக்கும் அந்தக் காற்றே இல்லாத வெளியில் இன்னும் எளிதாகப் பறக்கலாம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும் என்கிறார். அனுபவத்தின் பிடியிலிருந்து விலகிய அறிவு எங்கும் ஊன்றி எழ முடியாது என்பதை விளக்க அவர் காட்டிய எடுத்துக்காட்டு அது. பந்தயக் காருக்கு இது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. காரைப் பின்னிழுக்கும் காற்றேதான் அதன் இறக்கைகளையும் அடித்தளத்தையும் அழுத்தி வளைவுகளில் அதைத் தரையோடு பிடித்து வைக்கிறது. காற்றில்லாத வெளியில் அந்தக் கார் நேர்கோட்டில் விரைந்து சென்று முதல் வளைவிலேயே தடத்தை விட்டு வெளியேறிவிடும். தடையும் ஆதாரமும் ஒன்றாகவே இருக்கும் இந்த நிலை, வளங்களின்மேல் கட்டப்படும் வரம்புகளுக்கும் ஓரளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓட்டங்கள் எண்ணப்படும்போதுதான் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்ற தேர்வு பிறக்கிறது, அந்தத் தேர்வில்தான் பொறியாளரின் தீர்ப்பாற்றல் வெளிப்படுகிறது.

விளையாட்டின் இயல்பைப் பற்றி 1978இல் வெளியான 'வெட்டுக்கிளி' என்ற நூலில் பெர்னார்ட் சூட்ஸ் முன்வைத்த வரையறையும் இதே திசையில் செல்கிறது. தேவையற்ற தடைகளைத் தாமாக முன்வந்து ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் கொள்கை. பந்தைக் கையில் எடுத்துச் சென்று குழியில் போடுவது எளிது என்றாலும் அப்படிச் செய்பவர் கோல்ஃப் ஆடவில்லை. இந்தப் பார்வையில், செலவு வரம்பும் சோதனை வரம்பும் பந்தயத்தின்மேல் வெளியிலிருந்து ஏற்றப்பட்ட சுமைகள் ஆகா. காரின் நீள அகலம் எப்படிப் பந்தயத்தின் பகுதியோ அப்படியே அவையும் பந்தயத்தின் பகுதியாகின்றன. எட்டுப் பருவங்கள் போட்டியிட்டு, கொலோன் நகரில் இரண்டு காற்றுச் சுரங்கங்கள் வைத்திருந்தும் ஒரு பந்தயத்தில்கூட வெல்லாமலேயே விலகிய டொயோட்டாவின் வரலாறு, வளம் மிகுவதால் மட்டும் தீர்ப்பாற்றல் வந்துவிடாது என்பதற்குப் போதிய சான்றாகும்.

ஆனால் வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சிக்கலான வினா அங்கேதான் தொடங்குகிறது. 2022 முதல், முந்தைய ஆண்டில் அணிகளுக்கான பட்டம் வென்ற அணிக்கு முழு ஒதுக்கீட்டில் 70 விழுக்காடு மட்டுமே கிடைத்தது. ஒவ்வொரு இடம் கீழே செல்லச் செல்ல 5 விழுக்காடு கூடி, பத்தாம் இடத்து அணிக்கு 115 விழுக்காடு கிடைத்தது. ஆண்டின் நடுவில், ஜூன் இறுதியில் நிலவும் தரவரிசைப்படி இந்தப் பங்கீடு புதுப்பிக்கப்படுகிறது. எண்ணிக்கையில் பார்த்தால், முதல் அணிக்கு 224 ஓட்டங்கள், கடைசி அணிக்கு 368 ஓட்டங்கள். நன்றாகச் செய்தவருக்குக் குறைவாகவும் பின்தங்கியவருக்கு மிகுதியாகவும் கொடுக்கும் இந்த முறை, தகுதிக்கேற்ற பங்கு என்ற நீதிக் கருத்துக்கு நேர்மாறாகத் தெரிகிறது. புல்லாங்குழல்களைப் பங்கிடும்போது சிறந்தவை நன்றாக வாசிப்பவருக்கே செல்ல வேண்டும், குலமோ அழகோ அங்கு கணக்கில் வரக் கூடாது என்று அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் வாதிட்டார். ராபர்ட் நோசிக் 1974இல், விரும்பிப் பணம் கொடுத்த மக்களால் ஒரு கூடைப்பந்து வீரர் செல்வராவாரானால் அந்தச் செல்வத்தைப் பறித்துச் சமன் செய்ய யாருக்கு உரிமை என்று கேட்டார். இந்த இருவர் வாதத்தையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நேர்மையாக வென்ற அணியின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதற்கு வலுவான காரணம் காட்டப்பட வேண்டும்.

அந்தக் காரணம், எதைக் குறைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நெடுந்தொலைவுக் கார் பந்தயங்கள் சிலவற்றில், வெவ்வேறு நிறுவனங்களின் கார்களுடைய எடையையும் ஆற்றலையும் அமைப்பாளர்களே மாற்றியமைத்து அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே கை வைக்கப்படுவது விளைவின்மேல். ஃபார்முலா 1 முறையிலோ வென்ற அணியின் கார் அப்படியே விடப்படுகிறது. அடுத்த காரைத் தேடும் தேடலின் அளவு மட்டுமே சுருக்கப்படுகிறது. முதலிடத்தில் இருக்கும் அணியிடம் எந்த வழி பயனற்றது என்ற அறிவு ஏற்கெனவே குவிந்திருப்பதால், குறைந்த ஓட்டங்களிலும் அதனால் முன்னேற முடியும். 2023இல் ரெட் புல் அணிக்கு 70 விழுக்காட்டிலும் பத்தில் ஒரு பங்கு, செலவு வரம்பை மீறியதற்கான தண்டனையாகக் குறைக்கப்பட்டு 63 விழுக்காடு மட்டுமே கிடைத்த நிலையில், அந்த அணி 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. திறமையின் பலனை இந்த விதி பறிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மறுபுறம், 2023ஐப் பின்வரிசையில் தொடங்கிய மெக்லாரன் அணி அந்த ஆண்டின் நடுவில் கொண்டுவந்த மாற்றங்களால் எழுந்து, 2024இல் அணிகளுக்கான பட்டத்தை 1998க்குப் பிறகு முதன்முறையாக வென்றதில், ஒதுக்கீட்டின் சாய்வுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று கொள்ளலாம். அரிஸ்டாட்டிலின் குழல் வாசிப்பவர் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர்; கற்கும் வாய்ப்பை எப்படிப் பங்கிடுவது என்பது வேறு வினா, அதற்குப் பின்தங்கியவர் பக்கம் சாயும் விடையே பொருத்தமானது.

வரம்புகளால் தொட முடியாத ஒன்றும் உண்டு. நிகழ்காலச் செலவைக் கணக்கிடலாம். கடந்த காலத்தில் செலவிட்டு அறிவாகவும் கட்டடமாகவும் மாறிவிட்ட பணத்தைக் கணக்கிட முடியாது. 2009இல் பிரான் அணி இரண்டு உலகப் பட்டங்களையும் வென்றதை ஏழை அணியின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். அந்தக் காரை உருவாக்கியதோ, விலகுவதற்கு முன் ஹோண்டா வாரி இறைத்த பணமே. இதன் மறுமுகமாக, 2023இல் வில்லியம்ஸ் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் வௌல்ஸ், ஏறத்தாழ 20,000 பாகங்களைக் கொண்ட காரின் தயாரிப்புப் பட்டியல் ஒரே எக்செல் கோப்பில் பேணப்பட்டு வந்ததை வெளிப்படையாகச் சொன்னார். பெரிய அணிகள் வரம்பு வருவதற்கு முன்பே வாங்கி முடித்த கருவிகளை, வரம்புக்குள் இருந்துகொண்டு ஒரு சிறிய அணி எப்படி வாங்கும் என்பது அவருடைய முறையீடு. இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் செய்யும் முதலீட்டுக்கான வரம்பு பின்தங்கிய அணிகளுக்குப் பின்னர் தளர்த்தப்பட்டது. அது காலங்கடந்து வந்த நீதி என்றாலும் நீதியே.

பணத்தின்மேல் கட்டப்பட்ட வரம்பின் கதை இன்னும் நெருக்கமான அறச் சிக்கல்களைக் காட்டுகிறது. 2019இல் ஆண்டுக்கு 17.5 கோடி டாலர் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட செலவு வரம்பு, கொரோனா பெருந்தொற்றின்போது குறைக்கப்பட்டு, 2021இல் 14.5 கோடி டாலராக நடைமுறைக்கு வந்தது; பின்னர் அடிப்படைத் தொகை 14 கோடியாகவும் 13.5 கோடியாகவும் இறங்கி, விலைவாசிக்கும் பந்தயங்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. வரம்பு வந்தபின் ஒவ்வொரு விபத்தும் மேம்பாட்டு நிதியிலிருந்து எடுக்கப்படும் கடனாயிற்று. 2021 ஏப்ரலில் இமோலாவில் நடந்த மோதலில் மெர்சிடிஸ் அணியின் கார் ஒன்று நொறுங்கியபோது, புதிய பாகங்களுக்கான திட்டமே பாதிக்கப்படலாம் என்று அதன் தலைவர் டோட்டோ வோல்ஃப் கவலை தெரிவித்தார்.

பற்றாக்குறை மனிதர்மேல் எப்படி இறங்கும் என்பதற்கு 2024 மார்ச்சில் மெல்பர்ன் நகரில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வில்லியம்ஸ் அணியின் அலெக்ஸ் ஆல்பன் காரைச் சுவரில் மோதினார்; காரின் முதுகெலும்பாகிய சேஸிஸ் அங்கேயே பழுதுபார்க்க முடியாதபடி சேதமடைந்தது. தயாரிப்பு தாமதமானதால் அணியிடம் மூன்றாவது சேஸிஸ் இல்லை. மற்றோர் ஓட்டுநரான லோகன் சார்ஜன்ட் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும் அவருடைய கார் ஆல்பனுக்குக் கொடுக்கப்பட்டது, அவர் அந்த வார இறுதி முழுவதும் ஓரமாக நிற்க நேர்ந்தது. முந்தைய ஆண்டில் அணி பெற்ற 28 புள்ளிகளில் 27ஐ ஆல்பனே பெற்றிருந்தார் என்பதால், பயன் மிகுவதையே அறத்தின் அளவுகோலாகக் கொள்ளும் பயன்வழிக் கோட்பாட்டின்படி இந்த முடிவு சரியானது. தொழிற்சாலையில் உழைக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் நலன் ஒருவரின் ஏமாற்றத்தைவிடப் பெரியது. ஆனால் ஒரு மனிதரை வேறொருவரின் நோக்கத்துக்கான வெறும் கருவியாக ஆக்கக் கூடாது என்னும் கான்ட்டின் அறநெறிப்படி, பிழை செய்தவரின் இழப்பைப் பிழையற்றவர் சுமந்தது மனச்சான்றை உறுத்தும் செயலே. பந்தயத்தில் ஆல்பன் 11ஆம் இடத்தில் முடித்து, ஓரிட வேறுபாட்டில் புள்ளியைத் தவறவிட்டார். பயன் கிட்டாமல் போனதால்தான் முடிவு தவறானது என்று கருதுவதும் பிழையாகும். புள்ளி கிடைத்திருந்தாலும் சார்ஜன்ட்டுக்கு இழைக்கப்பட்டது அநீதியாகவே இருந்திருக்கும். தேவையைச் சுட்டி ஒரு செயலை மன்னிக்கலாம், ஆனால் அந்தத் தேவை செயலை நேர்மையாக்கிவிடாது.

அதைவிடப் பரவலானதும் குறைவாகப் பேசப்படுவதுமான அநீதி சம்பளப் பட்டியலில் இருக்கிறது. செலவு வரம்புக் கணக்கிலிருந்து ஓட்டுநர்களின் ஊதியமும், மிகுதியாகச் சம்பளம் பெறும் மூவரின் ஊதியமும் விலக்கப்பட்டுள்ளன; மெக்கானிக், வடிவமைப்பாளர், கார்பன் இழைகளை அடுக்கிப் பாகம் செய்பவர் ஆகியோரின் ஊதியமோ கணக்குக்குள் வருகிறது. ஒரு மெக்கானிக்குக்கு ஊதிய உயர்வு கொடுத்தால் காரின் புதிய இறக்கைக்கான பணம் அந்த அளவுக்குக் குறையும். ஓட்டுநருக்குக் கோடிகளைக் கூட்டிக் கொடுத்தாலும் எதுவும் குறையாது. வரம்பு வந்தபோது பெரிய அணிகள் தம் ஊழியர் பலரை வேறு வேலைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது: மெர்சிடிஸ் பாய்மரப் படகுப் போட்டிக்கு, ஃபெராரி 2023இல் வெற்றி கண்ட லெ மான்ஸ் நெடுந்தொலைவுப் பந்தயத் திட்டத்துக்கு. விதிகளை எழுதியவர்கள் இவ்வகைச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். மகப்பேறு விடுப்புக்கும் நோய் விடுப்புக்கும் ஆகும் செலவை வரம்புக்கு வெளியே வைத்ததும், 2026க்கான விதிகளில் சுவிட்சர்லாந்து போன்ற ஊதியம் மிகுந்த நாடுகளில் இயங்கும் அணிகளுக்குச் சலுகை தந்ததும் அதைக் காட்டுகின்றன. அந்த நுண்ணுணர்வு இன்னும் ஒருபடி மேலே சென்று, அடிநிலை ஊழியரின் ஊதியத்தைக் காரின் பாகங்களோடு போட்டியிட வைக்காத வழியைக் காண வேண்டும்; அதுவரை இந்த வரம்பை முழுமையாக நீதியானது என்று சொல்ல இயலாது.

வரம்பைத் தானே ஏற்பதற்கும் பிறர் சுமத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தியச் சமய மரபுகள் ஆழமாகச் சிந்தித்துள்ளன. சமண இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களில் ஒன்றான மிகுபொருள் விரும்பாமையில், பொருளின் உச்ச அளவை வகுத்துக்கொள்பவர் அந்த விரதத்தை ஏற்பவரே. அரசன் அதை ஆணையிடுவதில்லை. 1762இல் ரூசோவும், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே விடுதலை என்று வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். 2009இல் கூட்டமைப்பு 4 கோடி பவுண்டு செலவு வரம்பை முன்வைத்தபோது, பெரிய அணிகள் பிரிந்து சென்று தனிப் போட்டித் தொடர் நடத்தப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு எதிர்த்தன. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றுள் எஞ்சியிருந்த அணிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வரம்பை ஏற்றன. அச்சத்தால் ஏற்றாலும் அது ஏற்பே. விரதத்தின் மன உறுதி அதில் இருக்கிறதா என்பதுதான் ஐயம்.

2021ஆம் ஆண்டுக் கணக்கில் ரெட் புல் அணி வரம்பை 18.64 லட்சம் பவுண்டு மீறியதாக 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது அந்த ஐயம் வெளிப்பட்டது. வரிச்சலுகை ஒன்றைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் மீறல் 4,32,652 பவுண்டாக, அதாவது 0.37 விழுக்காடாகவே இருந்திருக்கும் என்பதைக் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டது. ஊழியர்களின் உணவுச் செலவு முதலியன கணக்கில் எப்படிக் காட்டப்பட்டன என்பதில் வழக்கு நின்றது. 70 லட்சம் டாலர் அபராதமும், பன்னிரண்டு மாதத்துக்குக் காற்றியக்கச் சோதனையில் 10 விழுக்காடு குறைப்பும் தண்டனையாயின. செல்வம் மிகுந்த அணிக்கு அபராதம் பெரிய வலியாகாது; கற்கும் நேரத்தைக் குறைப்பதே, குற்றத்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தின் வகையிலேயே அமைந்த தண்டனை என்பதால் அந்தப் பகுதி பொருத்தமானது. மீறப்பட்டது சிறு தொகையே என்ற வாதம் விரதத்தின் மொழியில் செல்லுபடியாகாது. தானே ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டுவதில் வாக்கின் மீறல் இருக்கிறது, அதைத் தொகையின் அளவால் மட்டும் நிறுக்க முடியாது.

2026க்கான புதிய விதிகள் இந்தச் சிந்தனையை எஞ்சின்களுக்கும் விரிக்கின்றன. செலவு வரம்பு, அதில் சேர்க்கப்படும் இனங்கள் மாற்றப்பட்ட நிலையில், 21.5 கோடி டாலராக உயர்கிறது. எஞ்சின் தயாரிப்பாளர்களுக்குத் தனி வரம்பு தொடர்கிறது. ஒரு தயாரிப்பாளரின் எஞ்சின் மிகச் சிறந்த எஞ்சினைவிட 2 விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் குறைந்ததாக அளக்கப்பட்டால், கூடுதலாக மேம்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு வழங்கப்படும்; குறைவு 4 விழுக்காட்டைத் தாண்டினால் வாய்ப்பும் கூடும். காற்றுச் சுரங்க ஒதுக்கீடு தரவரிசையைப் பார்க்கிறது, ஆகவே நூலிழையில் முதலிடம் பெற்ற அணியும் பெரும் இடைவெளியில் வென்ற அணியும் ஒரே 70 விழுக்காட்டைப் பெறுகின்றன. எஞ்சின் விதியோ உண்மையான பற்றாக்குறையை அளந்து அதற்கேற்பத் தருகிறது. இவற்றுள் பின்னதே தேவைக்கேற்ற பங்கு என்னும் நீதிக்கு நெருக்கமானது; ஆனால் அதன் நேர்மை, ஆற்றலை அளப்பவரின் கருவியும் கையும் எவ்வளவு நடுநிலையானவை என்பதைச் சார்ந்திருக்கும், குறைவாகக் காட்டிக்கொள்வதால் ஆதாயம் உண்டு என்று ஒரு தயாரிப்பாளர் கருதத் தொடங்கினால் அந்த அளவீட்டையும் காக்க மற்றொரு விதி வேண்டியிருக்கும்.